திருடிய அரமும் சொல்லாத உண்மையும்

(சேலத்தில் ஒரு வாசகர் கூடுகையில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லாருக்கும் வணக்கம்.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டுக்குள்ளேயே ஒரு குழித்தறி இருந்தது, தரைக் குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி. ஒன்பது வயதில், எதற்கென்று இன்றைக்கும் தெரியவில்லை, அப்பாவின் சவர பிளேடை எடுத்துப் தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டியிருந்த பாவின் ஓரத்து இழைகளை அறுத்துவிட்டேன். அப்பா வந்து பார்த்தார். யாரையும் எதுவும் கேட்கவில்லை. எச்சில் தொட்டு ஒவ்வொரு இழையாக முடிந்துகொண்டு, சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தார். நான் பாயில் தூங்குவதுபோல் படுத்து அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிள்ளைகள் வளர்ந்து ஆளாகும் நாவல்களில் சேட்டை எதற்கு வருகிறது என்று பேசக் கூப்பிட்டதும் இதுதான் முதலில் நினைவுக்கு வந்தது, அப்புறம்தான் ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ். 1860 டிசம்பரிலிருந்து வாரத் தொடராக வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில், தப்பி வந்த கைதி ஒருவன் மிரட்டியதால், பிப் என்ற சின்னப் பையன் வீட்டிலிருந்து சாப்பாட்டையும் பிராந்தியையும், அக்கா வீட்டுக்காரர் ஜோவின் கொல்லுப்பட்டறை அரம் ஒன்றையும் திருடிக் கொடுக்கிறான். எடுத்த பிராந்திக்கு ஈடாகத் தெரியாமல் தார்த்தண்ணீரை, அந்தக் காலத்துக் கசப்பு மருந்தை, ஊற்றி வைக்க, கிறிஸ்துமஸ் விருந்தில் அதைக் குடித்தவர் வெளியே ஓடி இருமுகிறார். அடுத்து அக்கா, பிப் திருடிக் கொடுத்துவிட்ட பண்டத்தை, அது இல்லாதது தெரியாமல், எடுத்துவரப் போகிறாள். பயந்துபோய் பிப் வாசலுக்கு ஓடினால், எதிரே கைவிலங்கோடு சிப்பாய்கள். அத்தியாயம் அங்கே நிற்கிறது. சிப்பாய்கள் வந்ததோ விலங்கைப் பழுது பார்க்க!

கண்ணகி தன் கெட்ட கனவைத் தோழி தேவந்தியிடம் சொல்வதுபோல வரப்போவதை முன்கூட்டியே உணர்த்துவது ஒரு வழி, சிலம்பில் அதைப் படிக்கும்போது வயிறு கலங்கும். பிள்ளைகளின் குறும்பும் பின்னால் வருவதைச் சொல்லும், ஆனால் அப்படி வெளிப்படையாக இல்லை. அது முதலில் முழுக்கக் குறும்பாகவே இருக்க வேண்டும், 'இதை ஞாபகம் வைத்துக்கொள்' என்று எழுத்தாளர் கண்ணைக் காட்டினால் காரியம் கெட்டது. பிப் மாட்டிக்கொள்வானோ என்ற பதைப்பில் நாம் அரத்தை மறந்துவிடுகிறோம். பிறகு ஒருநாள் சாராயக்கடையில், முன்பின் தெரியாத ஆள், பிப்புக்கு மட்டும் தெரியும்படி அதே அரத்தால் தன் குவளையைக் கலக்குகிறான். அப்புறம், அந்தக் கைதி அராவிப் போட்ட கால்விலங்காலேயே அக்கா அடிபட்டு விழுகிறாள்.

ஆனால் என்னைக் கேட்டால் பெரிய முன்னறிகுறி அரம் இல்லை. ஜோவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பிப்புக்குத் தோன்றுகிறது, ஆனாலும் சொல்லவில்லை. அவர் தன்னை மட்டமாக நினைத்துவிடுவாரோ என்று பயம். பிற்பாடு லண்டனில் கனவானாகிவிட்ட பிப், தேடி வந்த ஜோவைப் பார்த்துக் கூசுகிறானே, அந்த விலகல் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டபோதே தொடங்கிவிட்டது.

ஏற்காட்டிலிருந்து வந்திருக்கும் தங்கை ஒருவர், காப்பித் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறார். மிளகுக்கொடியைப் பிய்த்துப் போட்ட பையன் அப்பாவிடம் அடி வாங்கும் காட்சி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் தங்கச்சி, அடி வாங்கினால் கணக்கு தீர்ந்துபோகும். அவன் மாட்டாமல் இருக்கட்டும், வேறொருத்தன் அடி வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும், அப்படி எழுதிப் பாருங்கள்.

என் அப்பா போய்ப் பல வருஷம் ஆகிறது. இழைகளை அறுத்தது நான்தான் என்று அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.