கம்பளி வியாபாரியின் கல் வீடு

தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் களைத்துப்போன என் ஆசிரியர் ஐயா அவர்களே, மைக் செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்கு நன்றி.

இங்கிலாந்தில், ஷ்ராப்ஷயரில் உள்ள ஸ்டோக்சே கோட்டை என்கிற வீட்டைப் பற்றி மூன்று விஷயம் சொல்கிறேன்: கட்டியவர், கட்டிய விதம், 1645இல் அங்கே வந்த சண்டை. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பார்கள். அந்தச் சுவர் எழுநூறு வருஷத்துக்கும் மேலாக நிற்கிறது.

கட்டியவர் லட்லோ ஊர் லாரன்ஸ், கம்பளி வியாபாரி. மன்னர்களுக்கே கடன் கொடுக்கிற அளவுக்குக் காசு. 1291இல் மன்னர் முதலாம் எட்வர்டிடம் கோட்டைபோல் மதில் கட்ட அனுமதி வாங்கினார். பெயர்தான் கோட்டை, கூடத்து ஜன்னல்களைப் பாருங்கள், எதிரிக்குப் பயந்தவன் அவ்வளவு பெரிதாக வைப்பானா? ஊரார் பார்த்து வாய்பிளக்கத்தான்!

1294இல் மன்னருக்குப் போர்ச்செலவு. கம்பளி மூட்டைக்கு 40 ஷில்லிங் வரி போட்டார். யோசனை சொன்னதில் லாரன்ஸுக்கும் பங்கு உண்டு என்று பேச்சு. வரி யார் தலையில் விழும்? வியாபாரி கொள்முதல் விலையைக் குறைப்பான். கடைசியில் ஆடு வளர்த்தவன் வயிற்றில்தான் அடி. அதே வருஷம் கம்பளி ஏற்றிய கப்பலில் போன லாரன்ஸ் கடலில் மூழ்கிப்போனார். கம்பளியில் பாவம் செய்தவன் கம்பளிக் கப்பலோடு போனான் என்று ஒரு மடத்துத் துறவி எழுதிவைத்தார். (நீங்கள் சிரிக்கிறீர்கள், அவர் சிரிக்காமல்தான் எழுதியிருப்பார்.)

அப்புறம், கட்டிய விதம். கூடத்தின் நடுவே அடுப்பு, மேலே மரக்கூரை. மேலறைச் சுவரில் சின்னத் துவாரங்கள். கீழே யார் என்ன செய்கிறார்கள் என்று எஜமானர் எட்டிப்பார்க்கலாம். பின்னாளில் அதே கூடம் தானியம் கொட்டும் களஞ்சியமானது. 1869இல் கையுறைத் தொழிலதிபர் ஆல்கிராஃப்ட் வாங்கி, பழசை இடித்துப் புதுசாக்காமல் பழுது மட்டும் பார்த்தார்.

அந்தக் காலக் கல்லை இணைத்தது சுண்ணாம்புக் காரை. அது மூச்சு விடும். ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிக் கல்லைத் தின்னும். என் தாத்தா வீட்டில் நானே இந்தத் தப்பைச் செய்தேன். மூன்று மழைக்காலத்தில் சுவர் உப்புப் பூத்து உதிர்ந்தது. சுவர் இருந்தால்தானே ஐயா சித்திரம்!

சண்டையைப் பற்றிப் பேச நேரமில்லை, தலைவர் மணியைப் பார்க்கிறார். நம் ஊர்ப் பழைய சத்திரத்துக்கு அடுத்த மாதம் சிமெண்ட் பூசப்போகிறார்களாம். சுண்ணாம்புதான் வேண்டும் என்று மனு வாசலில் இருக்கிறது, பேனாவும் கட்டிவைத்திருக்கிறேன். நகர்மன்றத் தலைவர் முதல் கையெழுத்துப் போட்டால் மகிழ்வேன். வணக்கம்.