கோப்பையை எண்ணுவதா, ஆட்டத்தைப் பார்ப்பதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அரங்கு நிறைய அமர்ந்திருக்கும் கால்பந்து ரசிகர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கிளப்புக்கு அடுத்த மேலாளர் யார் என்று பேச்சு எழும்போது ரசிகர்கள் முதலில் பார்க்க வேண்டியது அவர் வென்ற கோப்பைகளையா, அணியோடு அவருக்கு இருக்கும் பொருத்தத்தையா? இதுதான் இன்றைய கேள்வி. நான் பொருத்தத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார். "ஆட்டமுறை, தத்துவம் எல்லாம் வெறும் பேச்சு. கோப்பை பொய் சொல்லாது" என்றார். சாட்சிக்குக் கார்லோ அன்செலோட்டியை அழைத்தார். இத்தாலி, இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, ஸ்பெயின் என ஐந்து பெரிய லீகுகளையும் வென்றவர். மறுக்க முடியுமா? முடியாது. நானும் அவரை மதிக்கிறவன்தான்.

ஆனால் அதே அன்செலோட்டியைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போவோம். 2018-ல் அவர் இத்தாலியின் நாப்போலிக்கு வந்தபோது, ஐரோப்பிய கிளப்புகளின் உச்சக் கோப்பையான சாம்பியன்ஸ் லீகை மேலாளராக மூன்று முறை வென்றிருந்தார். 2019 டிசம்பரில் ஹெங்க் அணியை 4-0 என்று தோற்கடித்த அதே இரவில் நாப்போலி அவரை அனுப்பிவிட்டது. அடுத்து இங்கிலாந்தின் எவர்ட்டன். 2020-21 பருவத்தின் முடிவில் அந்த அணி பத்தாவது இடம். கோப்பை ஒன்றும் வரவில்லை. அங்கிருந்து ரியல் மாட்ரிட் போகிறார். ஒரே வருடத்தில் ஸ்பெயின் லீகான லா லீகாவும் சாம்பியன்ஸ் லீக்கும் கையில்!

நடுவர் அவர்களே, ஒரு மே மாதம் பத்தாவது இடத்தில் நின்றவர், அடுத்த மே மாதம் ஐரோப்பாவின் உச்சியில் நிற்கிறார். இந்த ஒரு வருடத்தில் அவர் புதிதாக என்ன கற்றுக்கொண்டிருப்பார்? மாறியது அவரைச் சுற்றியிருந்த அணி. மோட்ரிச், குரூஸ், பென்சிமா போன்றவர்களை நடத்த அமைதியான ஒரு கை வேண்டும். அவர்களுக்கு ஏற்றபடி ஆட்டத்தை வளைத்துக் கொடுக்கும் மனம் வேண்டும். அது அன்செலோட்டியிடம் நிறைய இருக்கிறது. ஆட்டத்தையே அடியிலிருந்து கட்டியெழுப்ப வேண்டிய அணிக்குத் தேவைப்படுவது வேறு கை. எதிரணி அழைத்த சாட்சி எங்கள் பக்கம்தான் பேசுகிறார்.

இன்னும் பழைய கதை ஒன்று, பிரையன் கிளஃப். 1972-ல் டார்பி கவுன்ட்டியை இங்கிலாந்து சாம்பியன் ஆக்கியவர். 1974-ல் லீட்ஸ் யுனைடெட் அவரைக் கூட்டிவந்தது. லீட்ஸ் அப்போதைய நடப்புச் சாம்பியன். இவரிடம் லீக் கோப்பை இருக்கிறது. அப்புறம் என்ன குறை? குறை இருந்தது. லீட்ஸ் ஆடும் விதத்தைப் பல வருடங்களாக வெளிப்படையாகத் திட்டிவந்தவர் அவர். வந்து சேர்ந்ததும் வீரர்களிடமே, நீங்கள் வென்ற பதக்கங்களைக் குப்பையில் போடுங்கள் என்று சொன்னார். 44 நாள். அவ்வளவுதான், வெளியே. சில மாதம் கழித்து, 1975 ஜனவரியில், இரண்டாம் நிலை லீகில் இருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்குப் போனார். 1978-ல் அந்த அணி இங்கிலாந்து சாம்பியன். 1979-லும் 1980-லும் ஐரோப்பியக் கோப்பை, அதாவது இன்றைய சாம்பியன்ஸ் லீக். சின்ன கிளப், தன்னை நம்பி வந்த வீரர்கள், தானே அமைத்துக்கொண்ட அணி. அங்கே அவர் பேச்சு எடுபட்டது. லீட்ஸில் எடுபடவில்லை. இதைக் கோப்பைக் கணக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்குமா?

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய சகோதரி டேவிட் மோயஸைக் கொண்டுவந்தார். எவர்ட்டனில் பதினோரு வருடம் இருந்தும் ஒரு கோப்பை இல்லாதவரை மான்செஸ்டர் யுனைடெட் 2013-ல் ஆறு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது, பத்து மாதம்கூடத் தாங்கவில்லை, கோப்பை இல்லாதவரை எடுத்தால் இதுதான் கதி என்றார். சரி, அதற்குப் பிறகு யார் வந்தார்கள்? லூயி வான் ஹால். நெதர்லாந்து, ஸ்பெயின், ஜெர்மனி லீகுகளையும், அயாக்ஸ் அணியோடு சாம்பியன்ஸ் லீகையும் வென்றவர். 2016-ல் எஃப்.ஏ. கோப்பை வாங்கிக் கொடுத்த கையோடு போய்விட்டார். அடுத்தவர் ஜோசே மோரின்யோ. அவர் கோப்பைகளை எண்ண எனக்கு நேரம் போதாது. யூரோப்பா லீகும் லீக் கோப்பையும் வந்தன. 2018 டிசம்பரில் அவரும் வெளியே. இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரீமியர் லீக் பட்டம் யுனைடெட்டில் இருவருக்கும் கிடைக்கவில்லை. கோப்பைதான் மருந்து என்றால் இந்த இருவரிடம் குணமாகியிருக்க வேண்டாமா?

மோயஸிடம் நான் பார்க்கும் தவறு வேறு. யுனைடெட்டில் தனக்கு முன்பிருந்த மேலாளர் அலெக்ஸ் ஃபெர்குசனோடு வேலை செய்த பயிற்சியாளர்கள் விலக, தன் எவர்ட்டன் ஆட்களைக் கொண்டுவந்தார். வென்று பழகிய ஓர் அணியின் பழக்கங்களை அறிந்தவர்கள் ஒரே நாளில் காணாமல் போனார்கள். இதற்கு நேர்மாறாக நடந்துகொண்டவர் கிளாடியோ ரனியேரி. 2014-ல் ஃபேரோ தீவுகளிடம் சொந்த மண்ணில் தோற்றதற்காகக் கிரீஸ் தேசிய அணி வீட்டுக்கு அனுப்பிய மனிதர். ஒரு நாட்டின் முதல்நிலை லீகைக்கூட அதுவரை வென்றதில்லை. 2015-ல் லெஸ்டர் அவரை எடுத்தபோது, அந்த ஊர்க்காரரும் இங்கிலாந்தின் முன்னாள் வீரருமான கேரி லினேக்கரே வெளிப்படையாக வியந்து கேட்டார், இவரா என்று. ரனியேரி வந்து என்ன செய்தார்? அங்கே ஏற்கெனவே இருந்த உதவியாளர்களை வைத்துக்கொண்டார். செல்சியில் இருந்தபோது அணியை ஓயாமல் மாற்றுகிறார் என்று பெயர் வாங்கியவர், இங்கே ஏறக்குறைய ஒரே பதினொருவரை இறக்கினார். வார்டியின் ஓட்டம், கான்டேயின் பந்துப்பறிப்பு, மாரஸின் கால்வித்தை. கையில் இருந்ததை வைத்தே ஆட்டத்தை அமைத்தார். 5000-க்கு 1 என்று பந்தயக்காரர்கள் கணக்குப் போட்ட அணி 2016-ல் சாம்பியன்.

இப்போது நான் மிகவும் நேசிக்கும் கதைக்கு வருகிறேன். 2008, பார்சிலோனா. அந்த நாற்காலிக்கு இரண்டு பேர். மோரின்யோவிடம் போர்ட்டோவோடு வென்ற சாம்பியன்ஸ் லீக், செல்சியோடு வென்ற இரண்டு பிரீமியர் லீக். கிளப் அதிகாரிகள் அவரை நேரில் சந்தித்தும் பேசினார்கள். இன்னொருவர் பெப் கார்டியோலா. மேலாளராக அவரிடம் இருந்தது பார்சிலோனா பி அணியோடு நான்காம் நிலை லீகில் ஒரே ஒரு வருடம். கோப்பைக் கணக்குப்படி இது போட்டியே இல்லை. ஆனால் கிளப் வேறு கணக்குப் போட்டது. சாவி, இனியெஸ்டா, மெஸ்ஸி ஏற்கெனவே இருக்கிறார்கள். இவர்களை வைத்து எந்த ஆட்டத்தை ஆட வேண்டுமோ, அந்த ஆட்டத்திலேயே வளர்ந்தவர் கார்டியோலா. பி அணியில் தன்னிடம் ஆடிய புஸ்கெட்ஸையும் பெட்ரோவையும் மேலே கொண்டுவந்தார். முதல் பருவத்திலேயே லா லீகா, கோப்பா டெல் ரே, சாம்பியன்ஸ் லீக் மூன்றும்.

அதனால் மோரின்யோ குறைந்தவரா? இல்லவே இல்லை. 2010-ல் இன்டர் மிலானோடு வந்து, இதே பார்சிலோனாவை அரையிறுதியில் வெளியேற்றி, அவரும் மூன்று கோப்பைகளை அள்ளினார். பந்தைக் கொடுத்துவிட்டு, கோட்டையைப் பூட்டிக்கொண்டு, தருணம் பார்த்துத் தாக்கும் ஆட்டம். அதற்கென்றே அமைந்த முதிர்ந்த வீரர்கள் இன்டரில் இருந்தார்கள். இரண்டு கிளப்புகளுக்கும் தத்தமக்கு உரிய ஆள் கிடைத்தார்.

இங்கே ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்கிறேன். பொருத்தம் என்ற பெயரில் ரசிகர்களாகிய நாம் ஏமாறுவதும் உண்டு. நம் பழைய வீரர் என்ற பாசத்தைப் பொருத்தம் என்று நினைத்துவிடுகிறோம். 2020-ல் யுவென்டஸின் பழைய வீரர் ஆந்த்ரேயா பிர்லோ ஒரு போட்டியைக்கூட நிர்வகித்த அனுபவம் இல்லாமல் அதன் மேலாளர் ஆனார். தொடர்ந்து ஒன்பது முறை லீக் வென்ற அணி நான்காவது இடத்துக்கு இறங்கியது. பாசம் எனக்கும் உண்டு, ஆனால் அதற்காக வாக்களிக்க மாட்டேன்.

எதிரணியின் கடைசிக் கேள்வி கூர்மையானது. "கோப்பையை எண்ணலாம். பொருத்தத்தை ரசிகன் எப்படி அளப்பான்?" பார்த்துத்தான். 2014-15-ல் யூர்கன் கிளாப் நடத்திய ஜெர்மன் அணி டார்ட்மண்ட் பிப்ரவரி மாதம் பட்டியலின் அடியில் கிடந்தது. கடைசியில் ஏழாவது இடம். புள்ளிப் பட்டியலை மட்டும் பார்த்தவர்களுக்கு அவர் கதை முடிந்தது. லிவர்பூலின் தரவு ஆய்வாளர்கள் அந்த ஆட்டங்களில் உருவான வாய்ப்புகளையும் விட்டுக்கொடுத்த வாய்ப்புகளையும் கணக்கிட்டார்கள். அணி மோசமாக ஆடவில்லை, அதிர்ஷ்டம்தான் கைவிட்டது என்று கண்டார்கள். 2015 அக்டோபரில் கிளாப் வந்தார். 2019-ல் சாம்பியன்ஸ் லீக், 2020-ல் முப்பது வருடம் கழித்து லீக் பட்டம்.

அப்படிக் கணக்கிடும் மென்பொருள் நம்மிடம் இல்லாமல் இருக்கலாம். கண் இருக்கிறது. வாரா வாரம் நம் அணியைப் பார்க்கிறோம். நம் நடுக்களத்துக்கு வயதாகிவிட்டதா, பின்வரிசை மேலேறி நிற்கும் அளவுக்கு வேகம் உள்ளதா என்பது நமக்குத் தெரியும். ஃபிராங்க் டி போர் அயாக்ஸோடு தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள் வென்றவர். எதிர்த்தாக்குதல் ஆடிப் பழகிய கிரிஸ்டல் பேலஸ் 2017-ல் அவரை எடுத்துப் பந்தைப் பிடித்து ஆடச் சொன்னது. நான்கு லீக் ஆட்டங்கள், நான்கும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. நான்காவது தோல்விக்கு மறுநாளே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த முறை ஒரு பெயர் அடிபடும்போது, அவருடைய அணி கடைசியாக ஆடிய நாலைந்து ஆட்டங்களை முழுதாகப் பாருங்கள். பந்தை இழந்த அடுத்த ஐந்து நொடியில் அவர் வீரர்கள் என்ன செய்கிறார்கள், முன்னிலையில் இருக்கும்போது எப்படி ஆடுகிறார்கள், அவரிடம் வந்த இருபது வயதுப் பையன் ஒரு வருடத்தில் வளர்ந்திருக்கிறானா என்று பாருங்கள். பார்த்துவிட்டு, அந்த இடத்தில் நம் பதினொருவரை வைத்து யோசியுங்கள். அப்படி யோசித்த பிறகுதான் கோப்பைகளை எண்ண வேண்டும் என்கிறேன், நடுவர் அவர்களே. தீர்ப்பு உங்கள் கையில். நன்றி, வணக்கம்.