போர்க்கப்பல் கத்தினால் போட்டில் இருப்பவருக்குக் கேட்குமா?

வணக்கம் மக்களே. மட்டக்களப்பு பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். காற்று கொஞ்சம் கூட, மைக்கில் இரைச்சல் வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்த இரைச்சல்தான் விஷயமே.

நேற்று வாடியில் வலை பொத்திக்கொண்டிருந்த மாமா கேட்டார்: "மருமகன், வேகமா ஒரு போட் வந்தால் நேவிக் கப்பல் சுடாமல் அதை மறிக்க ஏலாதா?"

ஏலும். இதற்கென்றே கருவிகள் இருக்கின்றன. 2000 ஒக்டோபரில் ஏடன் துறைமுகத்தில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருந்த அமெரிக்கக் கப்பல் 'கோல்' மீது, வெடிமருந்து ஏற்றிய சின்னப் படகு ஒன்று வந்து மோதியது. 17 மாலுமிகள் இறந்தார்கள். அதற்குப் பிறகு உருவானதுதான் எல்ராட் என்கிற ஒலிக்கருவி. பார்க்க ஒரு பெரிய தட்டு மாதிரி இருக்கும். குரலை ஒரே பக்கமாகக் குவித்து நூற்றுக்கணக்கான மீற்றர் தூரத்துக்கு அனுப்பும். கிட்ட வந்தால் காது தாங்காது. 2005இல் சோமாலியக் கடலில் ஒரு பயணிகள் கப்பல் கொள்ளையரிடமிருந்து தப்பியபோது இதையும் தண்ணீர்க் குழாயையும் பாவித்தார்கள்.

சரி, நாமும் சோதித்துப் பார்ப்போம் என்று விளையாட்டுக் கழகத்தில் ஒரு மெகாபோன் இரவல் வாங்கி வந்தேன். எல்ராட்டோடு ஒப்பிட்டால் அது வெறும் பீப்பீ, தெரியும். மாமா போட்டை ஒரு நூறு மீற்றர் தள்ளிக் கொண்டுபோனார். 15 குதிரைவலு யமஹா, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எஞ்சினுக்குப் பக்கத்திலேயே குந்தியிருக்கிறார். நான் தொண்டை கிழியக் கத்துகிறேன், "நிறுத்துங்க, திரும்புங்க!" அவர் பாட்டுக்குப் போகிறார். எஞ்சினை நிற்பாட்டிய பிறகுதான் கையைக் காதில் வைத்து, "என்ன மருமகன் சொன்னீங்க?" என்கிறார்.

இது சிரிக்கிற விஷயம் இல்லை. 2012 ஜூலையில் துபாய்க்குக் கிட்ட ஓர் அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒரு மீன்பிடிப் படகைச் சுட்டது. சூடு பட்டவர்கள் தமிழ்நாட்டு மீனவர்கள். ஒருவர் இறந்தார், மூன்று பேருக்குக் காயம். பல தடவை எச்சரித்தோம் என்றது கடற்படை. எங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வரவில்லை என்றார்கள் தப்பியவர்கள். எனக்கென்னவோ இரண்டு பக்கமுமே பொய் சொல்லவில்லை என்றுதான் படுகிறது.

கப்பல்காரனுக்கும் நேரம் இல்லை, அதையும் சொல்லவேண்டும். 30 நொட்ஸில், அதாவது மணிக்குக் கிட்டத்தட்ட 55 கிலோமீற்றர் வேகத்தில் வருகிற போட் அரைக் கிலோமீற்றரை அரை நிமிடத்தில் முடித்துவிடும். அந்த அரை நிமிடத்துக்குள் கப்பல் வானொலியில், அவசரத்துக்கு எல்லோரும் கேட்கிற 16ஆம் சனலில் கூப்பிட வேண்டும், ஹோர்ன் அடிக்க வேண்டும், வெளிச்ச வெடி விட வேண்டும். நம் சின்னப் போட்களில் எத்தனை பேரிடம் அந்த வானொலி இருக்கிறது?

அப்புறம் லேசர். பச்சை வெளிச்சத்தை அடித்தால் எதிரே ஒன்றும் தெரியாது. 2023 பெப்ரவரியில் சீனக் கரையோரக் காவல் கப்பல் பிலிப்பைன்ஸ் கப்பலுக்கு அடித்தது, ஆட்களுக்குக் கொஞ்ச நேரம் கண் தெரியவில்லை என்றது பிலிப்பைன்ஸ். நிரந்தரமாகக் கண்ணைக் குருடாக்கவென்றே செய்த லேசருக்கு 1995இல் சர்வதேசத் தடை வந்துவிட்டது.

மாமாவுக்குப் பிடித்தது கயிறுதான். போட் வருகிற வழியில் கயிற்றை எறிந்து புரொப்பெல்லரில் சுற்ற வைக்கிற முறை. "இதுக்கு நேவி எதுக்கு, எங்கட நைலோன் வலை போதுமே" என்று சிரித்தார். அவருடைய புரொப்பெல்லரைத் தூக்கிக் காட்டினார், பாருங்கள், கிட்டக் கொண்டுவருகிறேன்: போன கிழமை சுற்றிய தங்கூசி நூல் இன்னும் தண்டில் இறுகிப்போய்க் கிடக்கிறது, கத்தியால் சுரண்டினாலும் வருகுதில்லை. சொல் புரியாவிட்டாலும் இது வேலை செய்யும். வருகிறவன் மீனவனாக இருந்தால் உயிரோடு நிற்பான், புரொப்பெல்லர்தான் போகும்.

கடைசியாக டோர்ச் லைட்டும் அடித்துப் பார்த்தேன், மம்மல் நேரம், டோர்ச்சில் நல்ல வெளிச்சம். மாமா ஒருக்காலும் என் பக்கம் திரும்பவில்லை. குனிந்து வலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

சரி, பற்றரி முடியப்போகுது. மெகாபோனையும் கொண்டுபோய்க் குடுக்கணும். வாறன்.