மே 24: எரித்திரியக் குடும்பங்களின் நாள்

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மே மாதம் 18 ஆம் திகதி நாம் விளக்கேற்றி, கஞ்சி காய்ச்சிப் பகிர்ந்து, முள்ளிவாய்க்காலில் போனவர்களை நினைக்கிறோம். அடுத்த ஆறாம் நாள், இதே சுவிற்சர்லாந்து நகரங்களில், எரித்திரியர்கள் தங்கள் நாட்டின் சுதந்திர நாளைக் கொண்டாடுகிறார்கள். உணவகச் சமையலறைகளிலும் முதியோர் இல்லங்களிலும் நம்மோடு வேலை செய்கிறவர்கள் அவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் நம்முடைய பிள்ளைகளும் ஒரே வகுப்பில் படிக்கிறார்கள். ஆனால் அவர்களைப் பற்றி நம்மிடையே புழங்கும் கதை மிகச் சுருக்கமானது: முப்பது வருடம் போராடினார்கள், வென்றார்கள், நாடு கிடைத்தது. அந்த நாளில் குடும்பங்கள் கூடும்போது என்ன நடக்கிறது, அதை அவர்கள் ஏன் குடும்ப நாளாகக் கொண்டாடுகிறார்கள் என்பதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எரித்திரியா செங்கடல் ஓரத்து நாடு. 1890 முதல் 1941 வரை இத்தாலியின் கையில் இருந்தது, பிறகு பிரித்தானியர் நிர்வகித்தார்கள். 1950 இல் ஐக்கிய நாடுகள் சபை, அந்த மக்களிடம் வாக்கெடுப்பு எதுவும் நடத்தாமல், எரித்திரியாவை எதியோப்பியாவோடு கூட்டாட்சியாகச் சேர்க்கத் தீர்மானித்தது. 1952 இல் அது நடைமுறைக்கு வந்தது. தனிச் சட்டசபை, தனிக் கொடி எல்லாம் இருந்தன. பத்தே வருடத்தில் எதியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி அந்தக் கூட்டாட்சியைக் கலைத்து, எரித்திரியாவைத் தன் மாகாணங்களில் ஒன்றாக்கிவிட்டார். அதற்குள் ஆயுதப் போராட்டமும் தொடங்கிவிட்டது. 1961 செப்ரெம்பர் 1 ஆம் திகதி ஹமீத் இத்ரிஸ் அவாத்தேயும் அவரோடு நின்ற சிலரும் அடால் மலையில் முதல் வெடி வைத்தார்கள்.

பேரரசருக்கு அமெரிக்கா ஆயுதம் கொடுத்தது. அவரைக் கவிழ்த்து வந்த இராணுவ ஆட்சிக்குச் சோவியத் ஒன்றியம் கொடுத்தது. எரித்திரியப் போராளிகள் நக்ஃபா மலைகளில் பதுங்குகுழி வெட்டி, நிலத்துக்குக் கீழே மருத்துவமனை நடத்தி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் வைத்து நின்றுபிடித்தார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 1991 மே 24 ஆம் திகதி தலைநகர் அஸ்மாராவுக்குள் நுழைந்தபோது, சுமார் 65,000 போராளிகளை இழந்திருந்தார்கள். வென்ற கையோடு தனி நாடு என்று அறிவித்துவிடவில்லை. இரண்டு வருடம் பொறுத்து, 1993 ஏப்ரலில் மக்களிடம் வாக்குக் கேட்டார்கள். 99.8 வீதமானோர் ஆம் என்றார்கள். வெளிநாடுகளில் இருந்தவர்களும் அதில் வாக்களித்தார்கள். அந்த வாக்கெடுப்பை நம்மவர்கள் எவ்வளவு ஏக்கத்தோடு பார்த்திருப்பார்கள் என்று நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு அந்த வாக்கு சும்மா கிடைத்ததல்ல. ரோமிலும் மிலானிலும், வளைகுடா நாடுகளிலும் வீட்டுவேலை செய்த எரித்திரியப் பெண்கள் தங்கள் சம்பளத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்கு அனுப்பினார்கள். 1974 முதல் 1991 வரை இத்தாலியின் பொலோஞா நகரில் ஒவ்வொரு கோடையிலும் பெரிய விழா எடுத்தார்கள். ஐரோப்பா, மத்திய கிழக்கு, வட அமெரிக்கா என்று எல்லாத் திசையிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். அங்கே அரசியல் கூட்டம் ஒரு பக்கம் நடந்தது. இன்னொரு பக்கம் பாட்டு, ஆட்டம், சமையல், பிள்ளைகளின் ஓட்டம். பிரிந்துபோன உறவினரை அங்கேதான் கண்டார்கள், கலியாணங்கள்கூட அங்கே பேசி முடித்தார்கள். இன்று ஐரோப்பிய நகரங்களில் நடக்கும் எரித்திரியக் குடும்ப நாட்களுக்கு அந்த விழாதான் தாய் என்று நான் நினைக்கிறேன்.

சரி, குடும்ப நாளில் என்ன நடக்கும்? மே 24 வார நாளில் வந்தால் பக்கத்துச் சனி அல்லது ஞாயிறுக்குத் தள்ளி வைப்பார்கள். ஒரு பூங்காவோ, காட்டோரத்துப் பொது மண்டபமோ போதும். பெண்கள் ஸூரியா என்ற வெள்ளைப் பருத்தி உடையில் வருவார்கள், அதன் கரையில் வண்ணநூல் வேலைப்பாடு இருக்கும். பெரிய தட்டில் தைத்தாவை விரிப்பார்கள். புளித்த மாவில் சுட்ட, ஓட்டை ஓட்டையான, நம் அப்பத்தின் நடுப்பகுதியைப் போன்ற மெத்தென்ற உணவு அது. மேலே ஸிக்னி என்ற காரமான இறைச்சிக் குழம்பு. விரதம் இருப்பவர்களுக்கு பருப்பும் கீரையும். நாலைந்து பேர் ஒரே தட்டைச் சுற்றி இருந்து சாப்பிடுவார்கள். சின்னப் பிள்ளைக்கு வாயில் ஊட்டிவிடுவதைப் போலவே விருந்தாளிக்கும் ஊட்டிவிடுவார்கள். நீங்கள் வெட்கப்பட்டாலும் விடமாட்டார்கள்.

பிறகு கோப்பி. பச்சைக் கொட்டையை அங்கேயே வறுத்து, அந்தப் புகையை ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய் முகரக் கொடுத்து, இடித்து, ஜெபனா என்ற மண்குடுவையில் கொதிக்க வைப்பார்கள். மூன்று சுற்று குடிக்க வேண்டும். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போகும். அதற்குள் கெபெரோ மேளம் தொடங்கிவிடும். வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து, மேளம் வேகம் பிடிக்கையில் எதிரெதிரே நின்று தோளைக் குலுக்குவார்கள். எழுபது வயது ஆச்சியும் ஏழு வயதுப் பேத்தியும் அந்த வட்டத்தில் ஒன்றாகச் சுற்றுவதைப் பார்க்க வேண்டும். பையன்கள் சைக்கிளோடு வந்திருப்பார்கள். சைக்கிள் ஓட்டம் அவர்களுடைய நாட்டுக்கு இத்தாலியர் காலத்தில் வந்து சொந்தமாகிப்போன விளையாட்டு. அஸ்மாராவில் பிறந்த பினியம் கிர்மாய், 2024 இல் பிரான்சின் புகழ்பெற்ற சைக்கிள் சுற்றுப்போட்டியில் மூன்று கட்டங்களை வென்று, புள்ளிகளில் முதலிடம் பெறுபவருக்கான பச்சைச் சட்டையும் எடுத்ததிலிருந்து, அவர் பெயரைச் சொல்லாத பிள்ளை இல்லை.

இப்போது கனமான பகுதிக்கு வருகிறேன். எல்லா எரித்திரியரும் ஒரே மண்டபத்தில் கூடுவதில்லை. 1997 இல் ஏற்றுக்கொண்ட அரசியலமைப்பு இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை. தேசியத் தேர்தல் ஒருமுறைகூட நடக்கவில்லை. 2001 செப்ரெம்பரில் சீர்திருத்தம் கேட்ட தலைவர்களையும் பத்திரிகையாளர்களையும் பிடித்துப் போனார்கள், வழக்கு விசாரணை எதுவும் நடக்கவில்லை. பதினெட்டு மாதம் என்று சொல்லப்பட்ட கட்டாயத் தேசிய சேவை, எதியோப்பியாவோடு நடந்த எல்லைப் போருக்குப் பிறகு முடிவில்லாமல் நீண்டுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பைச் சாவா இராணுவ முகாமில்தான் படிக்க வேண்டும். அதனால்தான் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் தனியே எல்லை தாண்டி, சூடான், லிபியா வழியாகக் கடலுக்கு வந்தார்கள். 2013 ஒக்ரோபர் 3 ஆம் திகதி இத்தாலியின் லம்பெடூசா தீவு அருகே படகு கவிழ்ந்து இறந்த 360 க்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலானோர் எரித்திரியர்.

ஆகவே அரசாங்கத்தோடு நிற்பவர்கள் இன்றைய கொடியைப் பிடிக்கிறார்கள், எதிர்ப்பவர்கள் 1952 இன் நீலக் கொடியைப் பிடிக்கிறார்கள். 2023 இல் ஜெர்மனியின் கீஸன், ஸ்ருட்கார்ட் நகரங்களிலும், சுவீடனின் ஸ்ரொக்ஹோமிலும் எரித்திரிய நிகழ்ச்சிகளில் இரு தரப்பும் மோதி, பொலிஸ் வந்தது. ஒரே வீட்டில் போராளியாக இருந்த தகப்பனும், சேவையிலிருந்து தப்பி வந்த மருமகனும் இருக்கிறார்கள். இருவருக்கும் மே 24 சொந்தம்தான்.

மேடையும் தூதரகப் பேச்சாளரும் இல்லாத குடும்ப நாளை நான் பெரிதாக மதிப்பது இதனால்தான். என் நகரில் சில பெற்றோர் சேர்ந்து நடத்துகிறார்கள். கொடிக்கம்பம் வைப்பதில்லை. ஆனால் பிள்ளைகள் படம் வரையும் மேசையில் இரண்டு கொடிகளும் வந்துவிடுகின்றன, யாரும் தடுப்பதில்லை. இறந்தவர்களுக்காக ஒரு நிமிடம் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். அந்த விடுதலையைக் குடும்பங்கள்தான் பிள்ளைகளைக் கொடுத்து வாங்கின. அதைக் கொண்டாடும் உரிமை எந்த அரசாங்கத்துக்கும் முன்னால் அந்தக் குடும்பங்களுக்கு இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நேயர்களே, அயலில் இருக்கும் எரித்திரியர் உங்களை அழைத்தால் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். "நீங்கள் அரசாங்கப் பக்கமா, எதிர்ப்பக்கமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். ஊரில் அவர்களுடைய தாய் இருப்பார், தம்பி சேவையில் இருப்பான், இங்கே சொல்லும் சொல் அங்கே போய்ச் சேருமோ என்ற பயம் அவர்களுக்கு உண்டு. ஊர்ப் பெயரைக் கேளுங்கள், அம்மா சுகமா என்று கேளுங்கள். வந்த பாதையை அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். கோப்பியின் முதல் சுற்றோடு எழும்பிவிடாதீர்கள், மூன்றாவது சுற்றில்தான் ஆசி என்பது அவர்கள் வழக்கம். அடுத்த வருடம் நம்முடைய 18 ஆம் திகதிக்கு அவர்களையும் அழையுங்கள்.

நன்றி, வணக்கம்.