கண்ணாடிச் சில்லில் மரபணுக்கள்

தருமபுரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரித் தோப்பு ஒன்றில் காய்த்து நிற்கும் பெங்களூரா மாமரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வேர், இலை, பூ, காய் என எந்தப் பகுதியின் செல்லை எடுத்தாலும் அதில் இருப்பது ஒரே டி.என்.ஏ.தான். ஆனாலும் இலை பழுத்து இனிப்பதில்லை. எந்த மரபணு எங்கே, எப்போது, எவ்வளவு வேலை செய்கிறது என்பதில்தான் வேறுபாடு இருக்கிறது. வேலை செய்யும் மரபணு தன் செய்தியை ஆர்.என்.ஏ. என்னும் நகலாக எழுதி அனுப்புவதால், ஒரு திசுவில் எந்த நகல் எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால் அங்கே நடப்பது புலப்படும். முன்பு இதனை ஒவ்வொரு மரபணுவாகத்தான் அளக்க முடிந்தது. எதை அளப்பது என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே ஊகிக்க வேண்டியிருந்தது.

அந்த ஊகத்தின் தேவையைக் குறைத்த கருவிதான் டி.என்.ஏ. மைக்ரோஅரே. ஆய்வகத்தில் இதைச் சுருக்கமாகச் 'சிப்' என்பார்கள். 1995இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர், கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியின் 45 மரபணுக்களை இவ்வாறு ஒருங்கே அளந்து காட்டினர். இரண்டே ஆண்டுகளில் ஈஸ்ட்டின் ஏறத்தாழ 6,000 மரபணுக்களும் ஒரே கண்ணாடித் தகட்டில் அடங்கிவிட்டன.

அதன் செயல்முறை எளியது. நுண்ணோக்கிக்குப் பயன்படும் ஸ்லைடு போன்ற தகட்டில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் இடப்படுகின்றன. ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு மரபணுவின் ஒற்றை இழை ஒட்டியிருக்கும். டி.என்.ஏ.வை உருவாக்கும் நான்கு வேதி எழுத்துகளில் ஏ என்பது டி-யோடும், ஜி என்பது சி-யோடும் மட்டுமே இணைசேரும் என்பதால், ஒவ்வொரு இழையும் தன் இணையை மட்டுமே பிடித்துக்கொள்கிறது. நோயுற்ற திசுவின் நகல்களுக்கு ஒரு சாயமும் நலமான திசுவின் நகல்களுக்கு வேறொரு சாயமும் ஏற்றி, இரண்டையும் கலந்து தகட்டின்மேல் விட்டு, ஒட்டாதவற்றைக் கழுவிவிட்டு, லேசர் ஒளியில் பார்க்கிறார்கள். சிவந்த புள்ளி நோயில் மிகுந்த மரபணு, பச்சைப் புள்ளி நோயில் குறைந்த மரபணு, மஞ்சள் என்றால் இரண்டிலும் சமம். புத்தகங்களில் நாம் பார்க்கும் அந்த வண்ணங்கள் கணினி பூசியவை. கருவி பதிவு செய்வது ஒளியின் அளவை மட்டுமே.

1999இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் இரத்தப் புற்றுநோயாளிகள் 38 பேரின் எலும்பு மஜ்ஜையை இம்முறையில் சோதித்தபோது, மருத்துவம் வேறுவேறாகத் தேவைப்படும் இரு வகைகளை 50 மரபணுக்களின் போக்கைக் கொண்டே பிரித்தறிய முடிந்தது. 2002இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள், மார்பகப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவக்கூடியவர் யார் என்பதை 70 மரபணுக்களைக் கொண்டு கணித்தனர். அதிலிருந்து உருவான சோதனைக்கு 2007இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் கிடைத்தது. எனினும் 10,000 மரபணுக்களை ஒருசேரச் சோதித்து, இருபதில் ஒரு பங்கு தவறை ஏற்றுக்கொண்டால், உண்மையில் எந்த வேறுபாடும் இல்லாத நிலையிலும் 500 மரபணுக்கள் வேறுபடுவதாகத் தோன்றும். தொடக்க கால ஆய்வுகள் சிலவற்றின் முடிவுகள் மறுமுறை செய்தபோது நிலைக்காமற் போனதற்கு இந்த எண்ணிக்கை மயக்கமும் ஒரு காரணம்.

மரபணுக்களின் செயலை அளப்பதில் இன்று நேரடியாக எழுத்துகளைப் படிக்கும் வரிசையறி முறை பெரும்பாலும் சிப்பின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஆனால் நம் மாவட்டங்களுக்கு மிக நெருக்கமான வேறொரு பயன் சிப்புக்கு இருக்கிறது. வளர்ச்சி பின்தங்கிய குழந்தையின் குரோமோசோம்கள் நுண்ணோக்கியில் குறையின்றித் தெரிந்தாலும், அவற்றில் சிறு துண்டு விடுபட்டோ மிகுந்தோ இருப்பதைச் சிப் காட்டிக்கொடுக்கும். 2010இல் இத்தகைய குழந்தைகளுக்கு இதையே முதற்சோதனையாக வல்லுநர்கள் பரிந்துரைத்தார்கள்.

அக்காள் மகளை மணப்பதும், மாமன் மகள், அத்தை மகளை மணப்பதும் நம் பகுதியில் பழைய வழக்கம். தாய்மாமனுக்கும் அக்காள் மகளுக்கும் பிறக்கும் குழந்தையின் மரபுத்தொகுதியில் சராசரியாக எட்டில் ஒரு பங்கும், மாமன் மகள், அத்தை மகள் உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒரு பங்கும், தாய்வழி ஒன்றும் தந்தைவழி ஒன்றுமாக வரும் இரு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்தவையாக இருக்கும். ஒற்றை எழுத்து வேறுபாடுகளைப் படிக்கும் சிப், இப்பகுதிகளை நீண்ட ஒரே சீரான பட்டைகளாகக் காட்டுகிறது. பட்டை இருப்பதே நோயன்று. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கிறார்கள். ஆனால் இரு பிரதியும் பழுதானால் மட்டுமே வெளிப்படும் நோய் ஒன்று குடும்பத்தில் தலைகாட்டியிருந்தால், காரணமான மரபணுவை எங்கே தேடுவது என்பதற்கு அந்தப் பட்டைகளே வழிகாட்டுகின்றன. பெற்றோரின் உறவு நெருக்கத்தையும் அறிக்கை வெளிப்படுத்திவிடும் என்பதால், இரத்தம் எடுக்கும் முன்பே அதைச் சொல்லிவிடுவது மருத்துவரின் கடமை என்பது என் கருத்து.

ஒன்றை மட்டும் பெற்றோர் நினைவில் வைக்க வேண்டும். மரபணுவில் ஓர் எழுத்து மட்டும் பிழையாகியிருந்தால், அந்த இடத்திற்கான புள்ளி தகட்டில் இல்லாதவரை சிப் அதைக் காணாது. ஆகவே 'குறை எதுவும் தெரியவில்லை' என்னும் அறிக்கையைப் பெற்ற குடும்பம், அதைப் பத்திரப்படுத்தி, அடுத்து வரிசையறி சோதனை தேவையா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.