உயிருள்ள இரத்தத்தில் தேடியவர்: அல்ஃபோன்ஸ் லாவெரான்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மலேரியா என்றதும் நம் நாட்டில் ரொனால்ட் ராஸின் பெயர்தான் முதலில் நினைவுக்கு வரும். 1897-இல் செகந்திராபாதில் கொசுவின் வயிற்றை அறுத்து அவர் தேடினாரே, அந்த மலேரியா ஒட்டுண்ணியை 17 ஆண்டுகளுக்கு முன்பே கண்டு சொன்னவர் ஒரு பிரெஞ்சு ராணுவ மருத்துவர். அல்ஃபோன்ஸ் லாவெரான்.

1845-இல் பாரிஸில் பிறந்தார். தந்தையும் ராணுவ மருத்துவரே. ஸ்ட்ராஸ்பூர்கில் படித்து 1867-இல் பட்டம் பெற்றார். 1870 பிரஷ்யப் போரில் பணியாற்றினார். 1878-இல் அல்ஜீரியாவுக்கு அனுப்பப்பட்டார். முதலில் போன் நகரம், பிறகு கான்ஸ்டன்டைன். வார்டு நிறையக் காய்ச்சல்காரச் சிப்பாய்கள்.

அந்தக் காலத்தில் எல்லாரும் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தார்கள். க்ளெப்ஸ், தொம்மாசி-க்ரூதெலி என்ற இரு ஆய்வாளர்கள் 1879-இல் இத்தாலியச் சதுப்பு நிலத்திலிருந்து பேசில்லஸ் என்னும் கோல் வடிவப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்து, மலேரியாவுக்குக் காரணம் இதுவே என்று அறிவித்திருந்தார்கள். லாவெரான் மண் பக்கம் போகவில்லை. மலேரியாவில் இறந்தவர்களின் மண்ணீரலிலும் மூளையிலும் காணப்படும் கருநிற நிறமியில் தொடங்கினார். வேறு நோய்களில் இல்லாத இந்த நிறமி எங்கே உருவாகிறது? விடை தேடி, நோயாளியின் இரத்தத்துக்கு வந்தார்.

எப்படிப் பார்த்தார் என்பதுதான் முக்கியம். விரலைக் குத்தி எடுத்த துளியைக் காயவைக்காமல், சாயமேற்றாமல், கண்ணாடிச் சில்லுக்கு அடியில் ஈரமாகவே வைத்துப் பார்த்தார். துளி எண்ணெய் விட்டு அதிகம் பெருக்கிப் பார்க்கும் எண்ணெய் வில்லை கிடையாது. பெருக்கம் சுமார் 400 மடங்குதான். இந்த முறையில் துளி பெரிதானால் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று குவிந்து எதுவும் தெரியாது. ஓரம் உலர்ந்தால் சிவப்பணுக்கள் சுருங்கி முள்முள்ளாகும். பழக்கமில்லாத கண் அதையே ஒட்டுண்ணி என்று எண்ணிவிடும்.

1880 நவம்பர் 6. நிறமி கொண்ட ஓர் உருண்டையின் விளிம்பிலிருந்து மெல்லிய இழைகள் சாட்டைபோல் வீசியடித்தன. பக்கத்துச் சிவப்பணுக்களைத் தள்ளின. இது சிதைந்த அணு அல்ல, உயிர் என்று அவருக்கு ஐயமறத் தெரிந்தது.

மற்றவர்களுக்கு இது ஏன் சிக்கவில்லை? ஃபால்சிபாரம் என்னும் மலேரியா ஒட்டுண்ணி வகையின் பிறை வடிவங்கள் காய்ச்சல் தொடங்கிய உடனே இரத்தத்தில் தென்படுவதில்லை. ஒரு வாரம், பத்து நாள் ஆகும். உடலைவிட்டு வெளியேறிய இரத்தம் குளிர்ந்து, அதிலுள்ள கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை கூடினால்தான் அந்தப் பிறைகளில் ஆண் வடிவம் உருண்டு எட்டு இழைகள் வரை வெளிவிடும். அதற்குப் பத்து இருபது நிமிடம் பிடிக்கும். துளியை உடனே உலர்த்திச் சாயமிட்டவருக்கு அந்த அசைவு கிடைக்க வழியே இல்லை. எடுத்த துளியை எடுத்தபடியே வைத்துப் பார்த்தவருக்குக் கிடைத்தது. இதை வெறும் அதிர்ஷ்டம் என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்: 192 நோயாளிகளில் 148 பேரிடம் இந்த உயிர்களைக் கண்டு பதிவு செய்தவர் அவர். குயினின் கொடுத்தபின் அவை இரத்தத்திலிருந்து மறைவதையும் கவனித்தார்.

ஒன்றில் அவர் பிசகினார். இழைகளே ஒட்டுண்ணியின் முதிர்ந்த நிலை என்று எண்ணினார். அவை ஆண் இனச்செல்கள் என்பது 1897-இல் மெக்கல்லம் என்ற ஆய்வாளர் பறவை இரத்தத்தில் பார்த்துச் சொன்ன பிறகே தெளிந்தது.

உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1882-இல் ரோம் சென்று அங்குள்ள நோயாளிகளிடமும் இதே உயிரைக் கண்டார். ஆனாலும் இத்தாலிய ஆய்வாளர்கள் மார்க்கியாஃபாவாவும் செல்லியும் இவை சிதைந்த சிவப்பணுக்கள் என்றே சொன்னார்கள். ஈர இரத்தத்தைப் பார்த்த பிறகுதான் மனம் மாறினார்கள். 1884-இல் பாஸ்டரே நுண்ணோக்கியில் நேரில் கண்டார். அதே ஆண்டு, கிருமி கொசுவில் வளரலாம் என்றும் லாவெரான் எழுதினார்.

இப்படிப்பட்டவரை ராணுவம் 1894-க்குப் பின் ஆய்வகமோ நோயாளிகளோ இல்லாத நிர்வாகப் பதவிகளில் உட்காரவைத்தது. 1896-இல் அதை உதறிவிட்டு, பாஸ்டர் நிறுவனத்தில் கௌரவப் பொறுப்பில் சேர்ந்தார். ஃபெலிக்ஸ் மெனிலுடன் சேர்ந்து தூக்க நோய் போன்றவற்றைத் தரும் டிரிப்பனோசோம் என்னும் ஒட்டுண்ணிகளை ஆராய்ந்து 1904-இல் பெருநூல் வெளியிட்டார்.

நம் சென்னைக்கும் இங்கே ஒரு தொடர்பு உண்டு. 1903-இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சார்ல்ஸ் டோனவன், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளிடம் கண்ட நுண்ணுயிர்களின் ஸ்லைடுகளை லாவெரானுக்கு அனுப்பினார். கருங்காய்ச்சல் என்னும் காலா அசாரின் கிருமி அது. லாவெரானும் மெனிலும் அதைப் பைரோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி இனம் என்று கருதி டோனவன் பெயரைச் சூட்டினார்கள். இனம் தவறு. ராஸ் அதை லீஷ்மேனியா என்ற புதிய இனத்தில் வைத்தார். டோனவன் பெயர் அப்படியே நின்றது.

1907-இல் நோபல் பரிசு வந்தது. அந்தத் தொகையில் பாதியைப் பாஸ்டர் நிறுவனத்தில் வெப்பமண்டல நோய் ஆய்வகம் அமைக்கக் கொடுத்தார். 1922-இல் பாரிஸில் காலமானார்.