அபியும் தொல்ஸும் எங்கள் லைன் வீடுகளும்

(கோத்தகிரியில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியது. பேச்சில் விட்டுப்போன ஒன்றிரண்டைச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். மஃப்ளரும் ஸ்வெட்டருமாக வந்து உட்கார்ந்திருக்கிற பெரியவர்களுக்கு வணக்கம். விடிந்தால் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போக வேண்டும், அப்படியும் வந்திருக்கிற அக்கா தங்கைகளுக்குத் தனியாக ஒரு வணக்கம். பின்னால் இருக்கிறவர்களுக்குக் கேட்கிறதா? சரி.

இன்றைக்கு ஒரு டிவி சீரியலைப் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் நூலகர் தம்பி கொஞ்சம் தயங்கினார். நூலகத்தில் சீரியலைப் பற்றியா என்று கேட்டார். ஒரு ஊரே ஆறு வருடம் உட்கார்ந்து பார்த்த கதையைப் பற்றி இங்கே பேசாமல் வேறு எங்கே பேசுவது தம்பி என்றேன். 'கோலங்கள்' சன் டிவியில் 2003 நவம்பரில் தொடங்கி 2009 டிசம்பரில் முடிந்தது. மொத்தம் 1,533 பகுதிகள். அந்த ஆறு வருடத்தில் எங்கள் லைனில், அதாவது தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், எத்தனை கல்யாணம், எத்தனை சாவு, எத்தனை பிள்ளைகள் பிறந்து பள்ளிக்கூடம் சேர்ந்தார்கள்! எங்கள் வீட்டு நல்லது கெட்டதோடு சேர்ந்தே அந்தக் கதையும் ஓடியது.

அந்த லைனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நான் சிலோனில் பிறந்தவள். 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் சிலோன் பிரதமர் சிறிமாவோவும் அங்கிருந்த எங்களைப் போன்ற தோட்டத் தமிழர்களைப் பற்றி ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் அங்கேயே, மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்கு. பத்து வருடம் கழித்து அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்களை எண்ணிப் பிரிக்கும்போது குடும்பங்கள் நடுவில் கிழிந்தன. ஒரே வயிற்றுப் பிள்ளைகளில் அண்ணனுக்கு இந்தியா, தங்கைக்கு இலங்கை. அம்மாவுக்கு இந்தியா வந்தது. அம்மாவின் கூடப் பிறந்த ஒரே தங்கை, என் சின்னம்மா, அட்டன் பக்கத்துத் தோட்டத்திலேயே நின்றுவிட்டாள். 1978-இல் நாங்கள் கோச்சி, அதாவது ரயில், ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேஸ்வரத்தில் இறங்கினோம். எனக்கு அப்போது ஆறு வயது. சின்னம்மாவை அதற்குப் பிறகு அம்மா பார்க்கவே இல்லை.

மண்டபம் முகாமில் சாப்பாட்டு வரிசையில் அம்மாவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தார். அம்மாவைவிட இரண்டு வயது மூத்தவர். தனியாக வந்திருந்தார். எங்களுக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அம்மா கையில் தட்டும் இடுப்பில் என் தம்பியுமாகத் தடுமாறியபோது, தம்பியை வாங்கிக்கொண்டார். வாங்கியவர் திருப்பித் தரவே இல்லை என்று அம்மா சொல்வாள். சிலோனிலிருந்து வந்தவர்களுக்காகவே வனத்துறை 1968-இல் தேயிலை போட ஆரம்பித்தது அல்லவா, இன்று டேன்டீ என்கிறோமே, அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம், அதில் ஒரே டிவிஷனில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. எனக்கு அவர் பெரியம்மா. இன்று வரை வேறு பெயர் தெரியாது என்றே சொல்லலாம்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

கோலங்கள் பார்க்காத இளையவர்களுக்காகச் சொல்கிறேன். அபி என்கிற பெண், தேவயானி நடித்தது. அப்பா வேறு குடும்பத்தோடு போய்விட்டார். அம்மாவையும் தம்பி தங்கைகளையும் இவள்தான் சுமக்கிறாள். கட்டிய கணவன் பாஸ்கர் பணத்தாசை பிடித்தவன். அந்தக் கல்யாணம் முறிகிறது. கட்டுமானத் தொழிலில் இறங்கி மேலே வரும்போது ஒருவன் அவளை அழிக்கத் துடிக்கிறான். ஆதி. அவன் யார் என்றால், அப்பாவின் அந்த இன்னொரு குடும்பத்து மகன். ஆக ரத்தம் என்று பார்த்தால் தம்பி தங்கைகளும் ரத்தம்தான், ஆதியும் ரத்தம்தான். இத்தனைக்கும் நடுவில் அபியோடு நிற்கிறவன் தொல்காப்பியன், அவளுடைய நண்பன். தொல்ஸ் என்று கூப்பிடுவாள். தொடரை இயக்கிய திருச்செல்வமே அந்தப் பாத்திரத்தில் நடித்தார்.

எங்கள் வீட்டில் முதலில் எழுந்த சண்டை இந்தப் பெயரைப் பற்றித்தான். என் சம்பளத்தில் வாங்கிய டிவி அம்மாவின் லைன் வீட்டில் இருந்தது. ராத்திரி பத்துப் பன்னிரண்டு பேர் கூடிவிடுவார்கள். அம்மா ஒரு நாள் கேட்டாள், "அண்ணேன்னு கூப்பிட்டா என்னவாம் இவளுக்கு?" எல்லோரும் ஆமாம் என்றார்கள். யோசித்துப் பார்த்தால் அது நியாயமான கேள்வி. நம் ஊரில் ஒரு ஆணும் பெண்ணும் சொந்தமில்லாமல் பேசிப் பழக வேண்டுமென்றால் அண்ணன், தம்பி, மாமா என்று ஏதாவது ஒரு முறையை நடுவில் வைத்தாக வேண்டும். முறை வைத்துவிட்டால் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்தத் தொடரில் அபி அப்படி ஒரு முறையை வைக்கவில்லை. அவன் அவளை அபி என்றான், அவள் அவனைத் தொல்ஸ் என்றாள். முறைப்பெயர் எதுவும் இல்லாத ஒரு பழக்கத்தை எங்கள் லைன் வீட்டுக்குள் தினமும் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். ஒரு வருடம் போன பிறகு அம்மா அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டாள். அபிக்கு ஏதாவது ஆபத்து வந்தால், "இந்தத் தொல்ஸ் எங்க போய்த் தொலைஞ்சான்?" என்று அவள்தான் முதலில் பதறுவாள். சினிமா இரண்டரை மணி நேரத்தில் அம்மாவை இப்படி மாற்றியிருக்க முடியாது. தினமும் அரை மணி நேரம், வருடக்கணக்கில் பார்த்துப் பழகியதால் வந்த மாற்றம் அது.

அந்த நண்பனுக்கு ஏன் அந்தப் பெயர் வைத்தார்களோ, நான் அறியேன். ஒரு தமிழாசிரியைக்கு அந்தப் பெயரைத் தினமும் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. புத்தகத்தை எடுத்தேன். தொல்காப்பியத்தில் களவியலில் ஒரு சின்ன வரி இருக்கிறது: "தோழி தானே செவிலி மகளே." தலைவியை வளர்க்கிற செவிலித்தாயின் மகள்தான் தோழி என்கிறது. எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய வரி. அன்றைக்கு அது பெரியம்மாவைப் பற்றி எழுதியது போல இருந்தது. பெற்ற தாய் வேறு, வளர்த்த தாய் வேறு, அந்த வளர்த்தவளின் மகள் உயிர்த்தோழி. குடும்பம் எங்கே முடிகிறது, நட்பு எங்கே தொடங்குகிறது என்று அந்த வீட்டில் கோடு போட முடியாது.

இன்னும் ஒன்று. நம் மலைக்கு உரிய திணை குறிஞ்சி. குறிஞ்சிப்பாட்டின் 261 அடியும் யார் பேச்சு தெரியுமா? தலைவன் பேச்சும் இல்லை, தலைவி பேச்சும் இல்லை. முழுக்கத் தோழி பேசுகிறாள். தலைவி மெலிந்துபோகிறாள். காரணம் தெரியாத செவிலி, தெரிந்தவர்களையெல்லாம் கேட்டு, பல தெய்வங்களுக்குப் பூப்போட்டு அலைகிறாள். அப்போது தோழி முன்னால் வந்து, "அன்னாய் வாழி" என்று ஆரம்பித்து, நடந்த உண்மையைச் சொல்கிறாள். இதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். இதையும் அந்தக் களவியல் வரியையும் சேர்த்துப் படியுங்கள். தோழி யார் முன்னால் நிற்கிறாள்? தன்னைப் பெற்ற தாய் முன்னாலேயே, தன் சிநேகிதிக்காக. அம்மாவிடம் அடி விழலாம், பேச்சு விழலாம். அப்படியும் நிற்கிறாள். 'நிற்றல்' என்ற சொல்லை அந்தப் பெயரில் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

தொல்ஸிடம் எங்கள் லைன் பெண்கள் பார்த்ததும் இந்த நிற்றலைத்தான். அவன் என்ன பேசினான் என்பது அடுத்த நாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது. வந்தானா, வரவில்லையா என்பதுதான் பேச்சு. சாயங்காலம் இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்த்துவிட்டுக் கொழுந்து நிறுக்கிற இடத்தில் வரிசையில் நிற்பார்களே, அங்கேதான் கதை நடக்கும். கரண்ட் போனவர்கள், விருந்தாளி வந்தவர்கள், பார்க்காமல் விட்டவர்கள் எல்லாருக்கும் பெரியம்மா முந்தின ராத்திரிக் கதையைச் சொல்வார். அவர் சொல்கிற முறையே தனி. வசனம் எல்லாம் விட்டுவிடுவார். யார் யார் வீட்டு வாசலுக்கு யார் யார் வந்தார்கள் என்று மட்டும் சொல்வார்.

சரி, எல்லாத் தொடரிலும் நட்புதான் பெரியது, சொந்தம் பொய் என்றா நான் சொல்கிறேன்? இல்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், 2002-இலிருந்து 2005 வரை 'மெட்டி ஒலி' வந்தது. மனைவியை இழந்த சிதம்பரம், அவருடைய ஐந்து பெண்கள். தனம், சரோ, லீலா, விஜி, பவானி. 2020-இல் ஊரடங்கில் மறுபடி போட்டபோது என் வீட்டுப் பிள்ளைகளும் உட்கார்ந்து பார்த்தார்கள். அதில் கூடப் பிறந்தவர்கள்தான் எல்லாம். சரோவை மாமியார் வீட்டில் படுத்துகிற பாடு எங்கள் லைனில் நாலு வீட்டில் நடந்ததுதான். அக்கா தங்கைகள் ஒருத்தி வீட்டுக்கு ஒருத்தி ஓடுகிறதைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா முந்தானையைக் கண்ணில் வைத்துக்கொள்வாள். அட்டனில் இருக்கிற தங்கையின் வீட்டுக்கு அவளால் ஓட முடியாதே.

எனக்கு வருத்தமும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் வந்த பல தொடர்களில் குடும்பம் என்றாலே சதி என்று ஆகிவிட்டது. மருமகள் காபியில் எதையோ கலக்கிறாள், நாத்தனார் கதவுக்குப் பின்னால் ஒட்டுக் கேட்கிறாள். எழுதுகிறவர்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்: ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதிலும் ஆயிரம் பகுதிக்குக் கதை இருக்கிறது. எங்கள் லைனுக்கு வந்து ஒரு வாரம் இருந்து பாருங்கள்.

ஒரு சம்பவம். அம்மாவுக்கு ஒரு முறை கர்ப்பப்பை ஆபரேஷன். நான் வந்து சேர்வதற்குள் பெரியம்மாதான் ஆஸ்பத்திரியில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்று கவுண்டரில் கேட்டிருக்கிறார்கள். குடும்ப அட்டையில் பெயர் இல்லை. சிநேகிதி என்று எழுத அந்தத் தாளில் இடம் இல்லை. "அக்கா" என்றாராம். அப்பா பெயர் என்ன என்று அடுத்த கேள்வி. யோசிக்காமல் என் தாத்தா பெயரைச் சொல்லியிருக்கிறார். அம்மா எப்போதோ கொழுந்து மலையில் பேச்சுவாக்கில் சொன்ன பெயர். அதை எனக்குச் சொல்லும்போது பெரியம்மா தப்புச் செய்த பிள்ளை மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். எனக்குப் பேச்சு வரவில்லை.

2006-இல் ஆட்சிக்கு வந்த அரசு வீட்டுக்கு வீடு இலவச கலர் டிவி கொடுத்தது. நம் மலையில் நீலக்குறிஞ்சி பூத்த வருடமும் அதுதான். எங்கள் லைனுக்கு டிவி வந்து சேரக் கொஞ்ச காலம் ஆனது. வந்ததும் அம்மா வீட்டுக் கூட்டம் மெல்லக் குறைந்தது. அவரவர் வீட்டில் அவரவர் பார்த்தார்கள். பெரியம்மாவுக்கும் ஒன்று வந்தது. அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே இல்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, வழக்கம் போல ராத்திரி போர்வையைச் சுற்றிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார்.

2009 நவம்பர் உங்களுக்கு மறக்காது. அந்த மழை, மண்சரிவு. கேத்தி, அச்சனக்கல், குன்னூர் என்று எங்கெல்லாமோ மண் இறங்கியது. மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் போனார்கள். ரோடு போனது, மலை ரயில் பாதை போனது. எங்கள் லைனுக்குப் பின்னால் மேட்டில் விரிசல் விழுந்தது. அந்த ராத்திரி பெரியம்மா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வாசலாகத் தட்டி எழுப்பியது எனக்கு இன்றும் காதில் கேட்கிறது. மேட்டை ஒட்டி இருந்த மூன்று வீட்டு ஆட்களும் அம்மா வீட்டில்தான் படுத்தார்கள். வாரக்கணக்கில் இருந்தார்கள். கரண்ட் வந்தபோது, பிரிந்துபோன பழைய கூட்டம் தானாகவே அதே டிவி முன்னால் மறுபடி கூடியிருந்தது.

டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை, கோலங்கள் முடிந்தது. பதினான்கு பேர் பார்த்தோம். முடிந்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அம்மா டீ போடப் போனாள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நிறுவை வரிசையில் சொல்லக் கதை இல்லை. அந்த மாதம்தான் லைனுக்குப் புதிதாக ஒரு பெண் கல்யாணமாகி வந்திருந்தாள், சத்தியமங்கலம் பக்கம். குளிரும் புதிது, வேலையும் புதிது, யாரோடும் பேச மாட்டாள். பெரியம்மா அவளைத் தன் முன்னால் நிற்க வைத்துக்கொண்டு, "உனக்கு அபி கதை தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது என்று தலையாட்டினாள். பெரியம்மா 2003-இலிருந்து ஆரம்பித்தார். ஒரு நாளைக்கு ஒரு வாரக் கதை. தை பிறந்தபோது அபிக்கு இன்னும் பாஸ்கரோடு பிரச்சினை தீரவில்லை. அந்தப் பெண் எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டு, "அப்புறம் பெரியம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.